பழைய ஆம்னி வேனில் தனி மீட்டர்கள் பொருத்திய பின் வரும் மின் கோளாறுகள்: அறிகுறி வழியே பிழை நீக்கும் முறை

தைப்பூசத்துக்குக் காவடியோடு பழனிக்கு நடந்து செல்லும் நகரத்தார் கூட்டத்தின் பின்னால், குடிநீரும் படுக்கையும் சமையல் பாத்திரங்களும் ஏற்றிக்கொண்டு, நடப்பவர்களின் வேகத்திலேயே நாள் கணக்கில் ஊர்ந்து வரும் வேன்களைக் குன்றக்குடிச் சாலையில் பார்த்திருப்பீர்கள். முதல் கியரில் மணிக்கணக்கில் ஓடும் எஞ்சினுக்கு எதிர்க்காற்று கிடையாது. ஆம்னியில் எஞ்சின் முன் சீட்டுக்கு அடியில் இருப்பதால், சூடு ஏறுவதை ஓட்டுநரின் தொடை முதலில் உணரும், வண்டியோடு வந்த சின்ன முள் அதற்குப் பிறகுதான் காட்டும். ஆகவேதான் எங்கள் பகுதியில் பலரும் தண்ணீர்ச் சூடு, ஆயில் அழுத்தம், வோல்ட் ஆகியவற்றைக் காட்டும் தனி மீட்டர்களையும், சிலர் எஞ்சின் சுற்றைக் காட்டும் ஆர்.பி.எம். மீட்டரையும் டேஷ்போர்டில் பொருத்திக்கொள்கிறார்கள். பொருத்திய வாரமே ஏதாவது ஒரு மின் கோளாறு தலைகாட்டினால், பழி புதிய மீட்டரின் மீது விழுகிறது. நான் பார்த்த வரையில் மீட்டர் கெட்டிருந்தது மிக அரிது. கரண்ட்டை எங்கிருந்து எடுத்தோம், எந்த வழியாக பாட்டரிக்குத் திருப்பினோம் என்ற இரண்டு கேள்விகளில்தான் பெரும்பாலான கோளாறுகள் அடங்கிவிடும்.

இங்கே சொல்வது 1984-இல் வெளிவந்து 2019-இல் தயாரிப்பு நின்ற மாருதி ஆம்னி வேனின் பழைய கார்புரேட்டர் வகையை மனத்தில் வைத்துச் சொல்வது. 796 சி.சி., மூன்று சிலிண்டர், 12 வோல்ட், பாட்டரியின் நெகட்டிவ் முனை பாடியோடு இணைந்த அமைப்பு. மற்றப் பழைய வேன்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும். டீசல் வண்டிக்கு எங்கே மாறும் என்பதை அந்தந்த இடத்தில் சொல்கிறேன்.

தேவையானவை ஒரு மல்டிமீட்டர், ஹோல்டரோடு கூடிய 21 வாட் இண்டிகேட்டர் பல்ப் ஒன்று, இரண்டு மீட்டர் நீள வயர், உப்புத்தாள். வயரில் கை வைக்குமுன் பாட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிட வேண்டும். சோதனைக்காக மட்டும் அதைத் திரும்ப மாட்டலாம். எல்.பி.ஜி. கிட் உள்ள வண்டியானால் சிலிண்டர் வால்வை முதலில் மூடி, கதவுகளைத் திறந்து வைத்துவிட்டு வேலையைத் தொடங்க வேண்டும், ஏனெனில் கசிந்த வாயு கீழே தங்கும் தன்மையுள்ளது, நாம் உண்டாக்கும் பொறியும் பெரும்பாலும் சீட்டுக்கு அடியில்தான் விழும்.

சாவியைத் திருப்பியவுடன் பியூஸ் போகிறது

போன பியூஸுக்குப் பதில் பெரிய பியூஸ் போடுவதோ, சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளைச் சுற்றுவதோ கோளாறை வயரின் உடம்புக்கு மாற்றிவிடும், அடுத்தது புகைதான். பியூஸைக் கழற்றிவிட்டு, அது இருந்த இரண்டு முனைகளுக்கு நடுவே 21 வாட் பல்பை இணையுங்கள். ஷார்ட் இருந்தால் பல்ப் முழு வெளிச்சத்தில் எரியும், ஆனால் இரண்டு ஆம்பியருக்கு மேல் ஓடாது என்பதால் வயர் கருகாது. பல்ப் எரிந்துகொண்டிருக்கும்போதே புதிதாகச் சேர்த்த வயர்களை ஒவ்வொன்றாக அசைத்தும் கழற்றியும் பாருங்கள். எதைத் தொடும்போது பல்ப் அணைகிறதோ அல்லது மங்குகிறதோ, அங்கேதான் காயம்.

ஆம்னியில் இந்தக் காயம் இருக்க வாய்ப்புள்ள இடத்தை முன்கூட்டியே சொல்லிவிடலாம். டேஷ்போர்டிலிருந்து எஞ்சினுக்குப் போகும் வயர், தூக்கித் திறக்கும் முன் சீட்டின் விளிம்பைக் கடந்துதான் போக வேண்டும். ஆயில் பார்ப்பதற்காகச் சீட்டைத் தூக்கி மூடும் ஒவ்வொரு முறையும் அந்தத் தகர விளிம்பு வயரைக் கடிக்கிறது. வயரை வேறு வழியில் கொண்டுபோய், விளிம்பைத் தாண்டும் இடத்தில் ரப்பர் வளையமும் ஸ்லீவும் போட்டால்தான் இது நிற்கும். இன்சுலேஷன் டேப்பை மட்டும் சுற்றினால் சித்திரை வெயிலில் அதன் பசை உருகி, டேப் தானாக அவிழ்ந்துவிடும்.

சாவியைத் திருப்பும்போது பியூஸ் போகாமல், பார்க்கிங் லைட்டைப் போடும்போது மட்டும் போனால், மீட்டருக்குள் எரியும் சிறு பல்பின் வயரை மட்டும் பார்த்தால் போதும்.

ஹெட்லைட் போட்டால் சூட்டு முள் ஏறுகிறது. இண்டிகேட்டர் போட்டால் முள் ஆடுகிறது

எங்கள் வேனில் நான் மறக்க முடியாத கோளாறு இது. சிங்கம்புணரி தாண்டி இருட்டத் தொடங்கியதும் விளக்கைப் போட்டோம். சற்று முன்வரை 85 டிகிரியில் நின்ற முள் 105-க்குப் போனது. பதறி வண்டியை ஓரங்கட்டி, விளக்கை அணைத்துவிட்டு இறங்குவதற்குள் முள் 85-க்குத் திரும்பிவிட்டது. உடன் வந்த பெரியவர் ஒருவர் ரேடியேட்டர் மூடியைத் திறக்கச் சொன்னார், திறந்திருந்தால் கொதிநீர் முகத்தில் அடித்திருக்கும். அன்று எஞ்சினில் ஒரு குறையும் இல்லை, விளக்கைத் தவிர வேறெதுவும் மாறவும் இல்லை.

தண்ணீரின் சூடு ஒரு நொடியில் இருபது டிகிரி ஏறவும் இறங்கவும் முடியாது. முள் அப்படித் தாவினால் அது எஞ்சினின் செய்தி அல்ல, எர்த்தின் செய்தி, அதாவது கரண்ட் பாட்டரியின் நெகட்டிவுக்குத் திரும்பும் வழியின் செய்தி. மூன்று முனையுள்ள இத்தகைய மீட்டரில் இரண்டு சுருள்கள் உண்டு. ஒன்று மீட்டரின் எர்த் வழியாகவும், மற்றது எஞ்சினில் உள்ள சென்சார் வழியாகவும் கரண்ட்டைத் திருப்புகின்றன, இரண்டின் இழுப்புக்கும் உள்ள விகிதமே முள் நிற்கும் இடம். மூன்று மீட்டர்களின் உள் பல்புகளும் அதே எர்த் வயரைப் பகிர்ந்துகொண்டு, அந்த வயர் பெயிண்ட் பூசிய தகரத்தில் ஒரு திருகால் பிடிக்கப்பட்டிருந்தால், பல்புகள் எரிந்ததும் அந்த மோசமான இணைப்பில் ஒரு வோல்ட்டோ ஒன்றரை வோல்ட்டோ தங்கிவிடுகிறது. எர்த் பக்கச் சுருளின் இழுப்பு குறைகிறது, சென்சார் பக்கச் சுருளின் இழுப்பு அப்படியே இருக்கிறது, முள் சூட்டுப் பக்கம் சாய்கிறது.

இதைக் கண்ணால் பார்த்து முடிவு செய்ய முடியாது, அளக்க வேண்டும். மல்டிமீட்டரை 20 வோல்ட் டி.சி. அளவில் வைத்து, கருப்பு முனையைப் பாட்டரியின் நெகட்டிவ் கம்பத்தின் மீதே வையுங்கள், கிளாம்பின் மீது வேண்டாம். சிவப்பு முனையை மீட்டரின் எர்த் ஆணியில் வையுங்கள். எஞ்சின் ஓட, விளக்குகள் எல்லாம் எரிய, அளவு 0.1 வோல்ட்டுக்குள் இருந்தால் எர்த் நன்றாக இருக்கிறது. 0.2-ஐத் தாண்டினால் வேலை இருக்கிறது. எங்கள் வண்டியில் 1.4 காட்டியது. அடுத்து, சிவப்பு முனையைப் பாட்டரியை நோக்கி ஒவ்வொரு இணைப்பாக நகர்த்திக்கொண்டே வந்தால், எந்த இணைப்பைத் தாண்டியதும் அளவு விழுகிறதோ அதுவே குற்றவாளி. மீட்டர் முதல் தகரம் வரை நன்றாக இருந்து, தகரத்துக்கும் பாட்டரிக்கும் நடுவே வோல்ட் தங்கினால், பாட்டரியிலிருந்து பாடிக்கும், பாடியிலிருந்து எஞ்சினுக்கும் போகும் தடித்த எர்த் பட்டைகளைப் பார்க்க வேண்டும். பழைய வண்டியில் எஞ்சின் பட்டை அறுந்து தொங்கிக்கொண்டிருப்பது வியப்பான செய்தி அல்ல.

இணைப்பில் பச்சையும் வெள்ளையும் பூத்திருப்பதற்கு இந்த மண்ணும் ஒரு காரணம். செம்மண் தூசி இணைப்புக்குள் இறங்கி, ஐப்பசி கார்த்திகை மழையின் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. வயர் முனையில் மாட்டும் பித்தளை லக், இரும்புத் தகரம் என்ற இரு வேறு உலோகங்களுக்கு நடுவே ஈரம் தங்கினால் அதுவே ஒரு சிறு மின்கலமாகி இரும்பைத் தின்னத் தொடங்கும். 1948-இல் நேரு அடிக்கல் நாட்டிய மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், சிக்ரி என்று நாம் சொல்வது, உலோக அரிப்பைப் பற்றி ஆராய்வது காரைக்குடியில்தான். அதே ஊரில் ஓடும் வண்டிகளின் எர்த் திருகுகள் பூத்துப் போய்க் கிடப்பதை நினைத்தால் சிரிப்புதான் வருகிறது.

சரி செய்யும் முறை எளிது. மூன்று மீட்டர்களின் எர்த்தையும் 1.5 சதுர மில்லிமீட்டர் வயரில் ஒன்றாகச் சேர்த்து, பிளாஸ்டிக் டேஷ்போர்டையோ அதன் தாங்கு தகரத்தையோ நம்பாமல், பாடியில் ஏற்கெனவே உள்ள தொழிற்சாலை எர்த் போல்ட்டுக்குக் கொண்டுபோங்கள். அந்த இடத்தை உப்புத்தாளால் வெள்ளைத் தகரம் தெரியும் வரை தேய்த்து, பல் வாஷர் போட்டு இறுக்கிய பிறகு, மேலே கிரீஸ் பூசுங்கள். முதலில் கிரீஸ் பூசிவிட்டுப் பிறகு இறுக்குபவர்களும் உண்டு. அதனால் கெடுதல் பெரிதாக இல்லை, ஆனால் தேய்க்காமல் கிரீஸ் மட்டும் பூசினால் துருவைப் பாதுகாத்து வைத்தது போல் ஆகும்.

இண்டிகேட்டர் போடும்போது மீட்டரின் விளக்கு அதே தாளத்தில் மினுக்குவதும் இந்த வகையைச் சேர்ந்ததே. எர்த் கிடைக்காத பல்ப், வேறொரு பல்பின் வழியாகத் திரும்பிப் போக வழி தேடுகிறது.

சூட்டு முள் ஒரே பக்கத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கிறது

எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே முள் கடைசிவரை போய் நின்றால், சென்சார் வயர் எங்கோ பாடியைத் தொடுகிறது. எஞ்சின் சூடேறியும் முள் அசையவே இல்லையென்றால், அந்த வயர் எங்கோ அறுந்திருக்கிறது அல்லது சென்சாருக்கு எர்த் கிடைக்கவில்லை. சென்சாரில் இருந்து வயரைக் கழற்றி, சாவியைத் திருப்பி, வயர் முனையை எஞ்சினில் ஒரு நொடி தொட்டு எடுங்கள். தொடும்போது முள் மேலேறி, எடுத்ததும் கீழே வந்தால் மீட்டரும் வயரும் நன்றாக உள்ளன, மீதமிருப்பது சென்சார். சூட்டுச் சென்சாருக்குள் இருப்பது சூடேறச் சூடேற மின்தடை குறையும் பொருள் என்பதால், எர்த் தொடுதல் உச்சச் சூடாகத் தெரிகிறது. ஆயில் அழுத்தச் சென்சாரில் இதையே எதிர்பார்க்கக் கூடாது. சில வகைகளில் அழுத்தம் ஏற ஏறத் தடையும் ஏறும், சில வகைகளில் குறையும். ஆகவே முள் எந்தப் பக்கம் போக வேண்டும் என்பதை மீட்டரோடு வந்த தாளைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும்.

சென்சார் புதியது, வயரும் சரி, ஆனாலும் முள் அசையவில்லை என்றால் மரையில் வெள்ளை டெஃப்ளான் டேப் சுற்றப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். ஒற்றை முனைச் சென்சாருக்குத் தன் மரைதான் எர்த். தண்ணீர்க் குழாய் வேலையின் பழக்கத்தில் டேப்பைத் தாராளமாகச் சுற்றினால் கசிவும் நிற்கும், கரண்ட்டும் நிற்கும். டேப்பை எடுத்துவிட்டு மரைக்கு உரிய பசையை மெல்லியதாகப் பூசினால் போதும்.

முள் அசைகிறது, ஆனால் காட்டும் அளவு பொய்

பழைய சென்சாரின் வயரிலிருந்தே ஒரு கிளை எடுத்துப் புதிய மீட்டருக்குக் கொடுத்திருந்தால் இதுதான் நடக்கும். ஒரு சென்சாரின் தடையை இரண்டு மீட்டர்கள் ஒரே நேரத்தில் படிக்கும்போது ஒன்றின் கரண்ட் மற்றொன்றின் அளவைக் கெடுக்கிறது, இரண்டுமே தவறாகக் காட்டும். புதிய மீட்டருக்கு அதோடு வந்த சென்சார்தான் வேண்டும், பழையது பழைய முள்ளுக்கே இருக்கட்டும். இரண்டுக்கும் இடமில்லாதபோது டி வடிவப் பித்தளை இணைப்புப் போடுவார்கள். வாங்கும்போது மரையைக் கவனியுங்கள். ஜப்பானிய வழியில் வந்த எஞ்சின்களில் ஆயில் அழுத்தத்துக்குப் பெரும்பாலும் அங்குலத்துக்கு 28 மரை உள்ள எட்டில் ஒரு அங்குலச் சரிவு மரைதான் உண்டு, அமெரிக்க வகை மீட்டர் சென்சாரில் 27 மரை. இரண்டு மூன்று சுற்று அழகாக ஏறும், பிறகு இறுகும், இறுகியது என்று நினைத்து ஓட்டினால் ஆயில் கசியும்.

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளில் பித்தளை விளிம்பு போட்ட பழைய வட்ட மீட்டர்களைப் பார்த்து ஆசைப்பட்டு வாங்குபவர்கள் உண்டு. பார்வைக்கு அழகுதான், எனக்கும் ஒன்று உண்டு. ஆனால் அது லாரியின் 24 வோல்ட் மீட்டரா என்பது முகத்தில் எழுதியிருக்காது, அதற்கு இணையான சென்சாரும் கிடைக்காது. அதை அலமாரியில் வைப்பதே மேல்.

இரவில் நிறுத்தினால் காலையில் செல்ஃப் சுற்றவில்லை

சாவியை எடுத்த பிறகும் மீட்டரின் கரண்ட் நிற்கவில்லை என்பதே முதல் சந்தேகம். சாவிக்குப் பின்னால் வரும் வயருக்குப் பதில், எப்போதும் கரண்ட் உள்ள ஹாரன் வயரிலிருந்தோ உள் விளக்கு வயரிலிருந்தோ கரண்ட் எடுத்திருப்பார்கள். மூன்று வாட் பல்புகள் மூன்றும் இரவு முழுதும் அணையாமல் எரிந்தால் முக்கால் ஆம்பியர் ஓடும். பன்னிரண்டு மணி நேரத்தில் ஒன்பது ஆம்பியர்-மணி. 35 ஆம்பியர்-மணிப் பாட்டரியில் இது கால் பங்கு.

எல்லாவற்றையும் அணைத்து, கதவுகளை மூடி, பாட்டரியின் நெகட்டிவ் கிளாம்பைக் கழற்றி, கம்பத்துக்கும் கிளாம்புக்கும் நடுவே முதலில் 21 வாட் பல்பை இணையுங்கள். பல்ப் வெளிச்சமாக எரிந்தால் கசிவு பெரியது, மல்டிமீட்டரை அங்கே வைத்தால் அதன் பியூஸ்தான் போகும். பல்ப் எரியவில்லையென்றால் மல்டிமீட்டரை 10 ஆம்பியர் துளைக்கு மாற்றி அளக்கலாம். கடிகாரமும் பாட்டுப் பெட்டியும் உள்ள வண்டியில் 50 மில்லி ஆம்பியர் வரை பொறுக்கலாம். அவை இல்லாத கார்புரேட்டர் வேனில் ஏறக்குறைய சுழியம் இருக்க வேண்டும். பியூஸ்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து, எதை எடுத்ததும் அளவு விழுகிறதோ அந்தக் கிளையில் தேடுங்கள். மல்டிமீட்டர் இணைந்திருக்கும்போது மறந்தும் செல்ஃப் அடிக்கக் கூடாது.

வோல்ட் மீட்டர் குறைவாகக் காட்டுகிறது, சார்ஜ் விளக்கு எரிவதே இல்லை

ஓய்வில் இருக்கும் நல்ல பாட்டரி 12.6 வோல்ட் அளவிலும், எஞ்சின் ஓடும்போது 13.8 முதல் 14.5 வரையிலும் காட்ட வேண்டும். டேஷ்போர்டு மீட்டர் 13.1 என்று காட்டும்போது பாட்டரியின் முனைகளில் நேராக அளந்தால் 14.1 இருக்கிறதா என்று பாருங்கள். அப்படியானால் டைனமோ நலமாக இருக்கிறது, நீங்கள் கரண்ட் எடுத்த வயரில்தான் ஒரு வோல்ட் கரைகிறது. வைப்பர், ஃபேன் போன்ற பளு உள்ள வயரிலிருந்து எடுக்காமல், சாவியால் இயங்கும் சிறிய ரிலே ஒன்றை வைத்து, பாட்டரியிலிருந்து 3 ஆம்பியர் பியூஸ் வழியாகத் தனி வயர் கொடுத்தால் மீட்டர் மெய் பேசும். இரண்டு இடத்திலும் 15-ஐத் தாண்டினால், டைனமோவின் வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் கெட்டிருக்கிறது. அது மீட்டரால் வந்ததல்ல, மீட்டரால் தெரிந்தது.

பாத யாத்திரை வேகத்தில், இரண்டு ஹெட்லைட்டும் ஒலிபெருக்கியும் போட்டுக்கொண்டு ஊர்ந்தால் 12.3-க்கு இறங்குவது கோளாறு அல்ல. ஆக்சிலேட்டரைச் சற்று மிதித்ததும் 13.8-க்கு ஏறினால் கவலை வேண்டாம். ஏறாவிட்டால் பெல்ட் தளர்ந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

மீட்டர் பொருத்துவதற்காகப் பழைய மீட்டர் பெட்டியைக் கழற்றியவர்கள் ஒன்றைக் கட்டாயம் சோதிக்க வேண்டும். எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் திருப்பினால் சிவப்பு பாட்டரி விளக்கு எரிய வேண்டும். எரியாவிட்டால் ஹோல்டர் கழன்றிருக்கலாம், அல்லது பல்புக்குப் பதில் எல்.இ.டி. போட்டிருக்கலாம். பல வண்டிகளில் டைனமோ மின்சாரம் உண்டாக்கத் தொடங்குவதற்கான முதல் கரண்ட் அந்த பல்பின் வழியாகத்தான் போகிறது. ஆகவே ஒரு சிறு பல்ப் இல்லாததால் டைனமோவையே மாற்றியவர்களை அறிவேன்.

ஆம்பியர் மீட்டர் போட்டிருப்பவர்களுக்கு என் கருத்தை மறைக்காமல் சொல்கிறேன்: எடுத்துவிட்டு வோல்ட் மீட்டர் போடுங்கள். வண்டியின் சார்ஜ் கரண்ட் முழுவதையும் எஞ்சினிலிருந்து டேஷ்போர்டுக்குக் கொண்டுவந்து திருப்பி அனுப்ப வேண்டிய மீட்டர் அது, வழியில் ஒரு நட்டு தளர்ந்தாலும் தீ.

ஆர்.பி.எம். மீட்டர் பொருத்திய பின் எஞ்சின் நின்று போகிறது, அல்லது அளவு பொருந்தவில்லை

அந்த மீட்டரின் சிக்னல் வயர் இக்னிஷன் காயிலின் நெகட்டிவ் முனையில் இணைகிறது. அது பாடியைத் தொட்டுவிட்டால் காயிலில் ஓடும் கரண்ட் அறுபடவே அறுபடாது, ஸ்பார்க் வராது, எஞ்சின் நின்றுவிடும், காயிலும் கொதிக்கும். மேட்டில் குலுங்கும்போது மட்டும் நின்று மறுபடி எடுத்தால் இந்த வயரைத்தான் சந்தேகிக்க வேண்டும். வயரைக் காயிலிலிருந்து கழற்றிவிட்டு ஓட்டிப் பாருங்கள், நிற்காவிட்டால் முடிவு கிடைத்துவிட்டது. தவறுதலாகப் பாசிட்டிவ் முனையில் இணைத்திருந்தால் எஞ்சின் ஓடும், முள் அசையாது. டீசல் வேனில் காயில் இல்லை என்பதால், டைனமோவின் டபிள்யூ முனையிலிருந்து சிக்னல் எடுக்கும் வகை மீட்டர்தான் அங்கே உதவும்.

அளவு பொருந்தாமைக்குக் காரணம் பெரும்பாலும் கணக்கு. கடைகளில் கிடைக்கும் பல மீட்டர்களில் 4, 6, 8 சிலிண்டருக்கு மட்டுமே சுவிட்ச் இருக்கும், நம் எஞ்சினுக்கோ மூன்று. மூன்று சிலிண்டர் எஞ்சின் ஒரு சுற்றுக்கு ஒன்றரை ஸ்பார்க் தருகிறது, நான்கு சிலிண்டர் இரண்டு தரும். சுவிட்சை 4-இல் வைத்தால் உண்மையில் 1000 சுற்றும்போது முள் 750 காட்டும். அதைப் பார்த்து ஐட்லிங் குறைவு என்று கார்புரேட்டர் திருகைத் திருப்பிவிட வேண்டாம். 6-இல் வைத்தால் சரியாகப் பாதி காட்டும், இரண்டால் பெருக்கிக்கொள்ளலாம். மனக்கணக்குக்கு இதுவே எளிது.

எல்லாம் பார்த்தாகிவிட்டது, இன்னும் சரியாகவில்லை

இப்போதுதான் மீட்டரைக் கழற்ற வேண்டும். மேசையில் வைத்து, பாட்டரியின் இரண்டு முனைகளிலிருந்தும் 2 ஆம்பியர் பியூஸ் வழியாக நேராக வயர் கொடுத்து, சென்சார் முனையை ஒரு நொடி எர்த்தில் தொட்டுப் பாருங்கள். முள் அசைந்தால் மீட்டர் நல்லது, அதை வண்டியில் மறுபடி மாட்டி, எர்த்திலிருந்து மீண்டும் தொடங்க வேண்டியதுதான். அசையவில்லையென்றால், ரசீது இன்னும் இருந்தால், மீட்டரை எடுத்துக்கொண்டு கடைக்குப் போகலாம்.